ஆறாவது வார ரத்தம்

வாங்கான் தீவு
22 ஆகஸ்ட் 2022

அன்புத் தங்கை பீயுனுக்கு அண்ணன் வான்ஷுன் எழுதுவது.

நானும் உன் அண்ணி லீஹுவாவும் நலம் என்று எழுத வந்தேன். கை நின்றுவிட்டது. ஆகவே, இருக்கிறோம் என்று வைத்துக்கொள். நீ நலம்தானே?

வியாழக்கிழமை உன் ஆஸ்பத்திரியில் முதல் மருந்து ஏற்றும்போது மூன்றாவது மாடி ஆய்வகத்திலிருந்து வெள்ளைக் கோட்டோடு இறங்கி வந்தாய். பத்து நிமிடம் ஏதோ சொன்னாய். எனக்கு ஒரு சொல்லும் விழவில்லை. முப்பத்து நான்கு வருடம் படகின் என்ஜின் அறையில் இருந்தவன் காது வேறு எப்படி இருக்கும்? உன் முகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அதனால்தான் இந்தக் கடிதம். லீஹுவாவின் போனுக்குச் செய்தி அனுப்பலாம் என்று முன்பு சொன்னாய். அனுப்பினால் முதலில் அவள் படிப்பாள், பிறகு அவளுடைய தங்கைகள் மூன்று பேரும் படிப்பார்கள், கடைசியில் மீன் சந்தையில் எனக்கே ஆறுதல் சொல்வார்கள்.

டாக்டர் ஷென் எனக்காகத் தாளில் எழுதிக் காட்டினார். மருந்து பிடிக்கிறதா இல்லையா என்பது ஆறாவது வார ரத்தத்தில் தெரியுமாம். நான் அதே தாளில் எழுதிக் கொடுத்தேன்: "எண்களை என்னிடம் சொல்ல வேண்டாம். என் தங்கையிடம் சொல்லுங்கள். அவள் எனக்கு எழுதுவாள்." அவர் சிரித்துவிட்டு, "அந்த மெஷினை ஓட்டுறதே அவங்கதானே, எனக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்று லீஹுவாவிடம் சொன்னாராம்.

இவ்வளவுதான் கேட்கிறேன். எண் நல்லதாக இருந்தால் எழுது. கெட்டதாக இருந்தால் எழுதி உன்னை வருத்திக்கொள்ளாதே. கடிதம் வராவிட்டால் நான் புரிந்துகொள்வேன். அம்மாவுக்கு வயிறு வீங்கிக் கிடந்தபோது அந்த டாக்டர் வாயைத் திறக்காமல் கை கழுவப் போனார். நமக்குப் புரியவில்லையா என்ன?

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்
வான்ஷுன்

—

காவ்ஷியுங்
30 ஆகஸ்ட் 2022

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தைக் காலையும் மாலையும் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். செய்கிறீர்களா?

அன்று நான் சொன்னது இதுதான். ஏ.எஃப்.பி. என்று ஒரு புரதம் இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தையின் ஈரலில் சுரக்கும், பிறந்த பிறகு அடங்கிவிடும். பெரியவர்களுக்குப் பத்துக்குள் இருக்கும். ஈரலில் கட்டி வந்தால் மறுபடி ஏறும். மருந்துக்கு முன்னால் உங்களுக்கு 4,860. ஆறாவது வாரத்தில் இது நான்கில் ஒரு பங்குக்குக் கீழே வந்தால் மருந்து பிடித்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அப்படி இறங்கியவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள். இறங்காவிட்டால் வேறு மருந்து யோசிப்பார்கள். இது ஜோசியம் இல்லை, உறுதியும் இல்லை. ஸ்கேனில் கட்டி சுருங்குவது தெரிய மாதங்களாகும், ரத்தம் கொஞ்சம் முன்னால் சொல்கிறது, அவ்வளவுதான்.

பழைய வேர்க்கடலை சாப்பிடாதீர்கள். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தது ஈரலுக்கு ஆகாது.

அண்ணிக்கு என் அன்பு.

பீயுன்

—

வாங்கான்
14 செப்டம்பர் 2022

அன்புத் தங்கைக்கு,

சுகம் கேட்டு எழுதியிருந்தாய். இரண்டாவது மருந்தும் ஏறியது. உடம்பெல்லாம் நமைச்சல். பகலில் முதுகை வாசல் நிலையில் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். போகிற வருகிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. அழுத்தம் குறித்து வைக்கிறேன்.

முழுநிலா விழாவுக்குப் படகுத் துறையில் எல்லோரும் அடுப்பு வைத்துக் கணவாய் சுட்டார்கள். எனக்கு லீஹுவா பீர்க்கங்காய் சூப்பை நீட்டினாள். டிக்கெட் கொடுக்கும் ஆக்குன் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "என்னண்ணே, சாமியாராயிட்டீங்களா?" என்றான். லீஹுவா அவனை முறைத்து, "நீ ரெண்டு பாட்டில் குடிச்சிட்டு அவரை ஏன்டா கிண்டுற? அடுத்த வருஷம் நீயும் இதைத்தான் குடிப்ப, பாத்துக்கோ" என்று சத்தம் போட்டாள். அது எனக்கே கேட்டது.

ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். அம்மாவிடமிருந்துதான் ஈரலைக் கெடுக்கும் இந்தக் காமாலைக் கிருமி எனக்கு வந்தது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். அதே அம்மாதானே உனக்கும்? நாள் முழுக்க ஊர் ரத்தத்தை மெஷினில் வைக்கிறாய். உன் ரத்தத்தை எப்போது பார்த்தாய்? அடுத்த கடிதத்தில் பதில் வேண்டும்.

இருபத்தொன்பதாம் தேதி ஆறாவது வார ரத்தம். வருகிறேன்.

வான்ஷுன்

—

வாங்கான்
14 அக்டோபர் 2022

பீயுனுக்கு,

நலம்தானே? ரத்தம் எடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அன்று மூன்றாவது மருந்து ஏறும்போது நீ கீழே வரவில்லை. விடுப்பில் போய்விட்டாய் என்று சொன்னார்கள். வடகிழக்குக் காற்று இந்த வருடம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. மூன்று நாள் படகு ஓடவில்லை, தபாலும் மாகொங் துறைமுகத்திலேயே தங்கியிருக்கும் என்று நினைத்தேன். நேற்று பை வந்தது. மின்சார வாரியத்திலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை.

நான் அவசரப்படுத்தவில்லை.

வான்ஷுன்

—

வாங்கான்
6 நவம்பர் 2022

அன்புத் தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் வந்துவிட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, இப்படித்தான் செய்யச் சொன்னேன், அப்படியே செய்திருக்கிறாய். இருபதாம் தேதி மருந்துக்கு நான் போகவில்லை. இனியும் போகப்போவதில்லை. பிடிக்காத மருந்துக்காகக் காற்றில் படகேறி, விமானம் ஏறி, திரும்பி வந்து நான்கு நாள் படுப்பது எதற்கு?

ஆஸ்பத்திரி நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டாள். "ரிசல்ட் நல்லாத்தான் இருக்கு, அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றாளாம். லீஹுவா ஓடிவந்து சொன்னாள். வராதவர்களை எல்லாம் அப்படித்தானே கூப்பிடுவார்கள்? உனக்குப் போன் பண்ணுகிறேன் என்று அவள் எழுந்தாள். நான் விடவில்லை. "எழுத முடியாததைத்தான் அவ எழுதலை. அதை அவ வாயால சொல்ல வைக்கணுமா?" என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டாள்.

வேறு செய்தி இல்லை. பசி நன்றாக எடுக்கிறது.

அண்ணன்

—

காவ்ஷியுங்
20 நவம்பர் 2022

அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் இரண்டு கடிதத்தையும் நேற்றுதான் ஒன்றாகப் பார்த்தேன். உடனே அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக எழுத்திலும் தருகிறேன்.

செப்டம்பர் 29, ஏ.எஃப்.பி. 1,020. நாலாயிரத்து எண்ணூற்று அறுபதிலிருந்து ஆயிரத்து இருபது. நான்கில் ஒரு பங்குக்கும் கீழே. மருந்து பிடித்திருந்தது. நர்ஸ் சொன்னது உண்மை.

வேலை அதிகமாக இருந்தது. எழுத முடியாமல் போய்விட்டது. தவறு என்னுடையது. டாக்டர் ஷென்னிடம் பேசிவிட்டேன், எந்த வியாழக்கிழமை வந்தாலும் இடம் ஒதுக்குவார். உடனே வாருங்கள்.

பீயுன்

—

வாங்கான்
27 நவம்பர் 2022

பீயுனுக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலை அதிகமா? புயலில் கூரை பறந்த வாரத்திலும் எனக்கு நான்கு பக்கம் எழுதியவள் நீ.

இந்த ஐந்து வாரத்தில் நான் என்ன செய்தேன் என்று கேள். என் ஸ்பானர்ப் பெட்டியைப் படகில் என் இடத்துக்கு வந்தவனிடம் கொடுத்துவிட்டேன். மாகொங்குக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன், சட்டம் போட்டு மாலை போடுகிற படம். போட்டோக்காரர், "கொஞ்சம் சிரிங்க, பாஸ்போர்ட்டுக்கா?" என்றார். "ஆமா, தூரப் பயணம்" என்றேன். அப்புறம்தான் அவருக்கு விளங்கியது, கூடவே ஒரு பிரதி போட்டுத் தந்தார். மாட்சு அம்மன் கோயிலில் எனக்காக நேர்ந்ததை நிறுத்தச் சொன்னேன். மகளிடம் சொன்னேன். அவள் அழுது முடித்து ஊருக்கும் போய்விட்டாள். பொரித்த மீன் சாப்பிட்டேன். பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை, என்ஜினை அணைத்த பிறகு படகு மட்டும் ஆடிக்கொண்டிருக்குமே, அப்படி இருந்தேன். அது எனக்குப் பழகிவிட்டது.

இப்போது எழுந்து வா என்கிறாய். எதற்காக எழுதவில்லை என்று சொல். அது தெரியாமல் நான் படகேறப் போவதில்லை. லீஹுவா பக்கத்தில் நின்று, "உங்க வீம்பைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க, கெளம்புங்க" என்று கத்துகிறாள். காது கேட்காதது சில சமயம் வசதி.

வான்ஷுன்

—

காவ்ஷியுங்
3 டிசம்பர் 2022

அண்ணா,

செப்டம்பர் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள், உன் ரத்தத்தை எப்போது பார்த்தாய் என்று. பதினோரு வருடம் முன்னால் பார்த்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு அச்சடித்த தாள் கொடுப்பவள் நான். பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பார்க்கவில்லை.

செப்டம்பர் 29 காலை, நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டுமே என்று என் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னேன். உங்கள் குழாயும் என் குழாயும் ஒரே சுற்றில் மெஷினுக்குள் போயின. முதலில் உங்களுடையது வந்தது. 1,020. நான் நின்ற இடத்திலேயே சிரித்தேன், பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். நான்கு நிமிடம் கழித்து என்னுடையது. 312.

மறுபடி வைத்துப் பார்த்தேன். 309.

விடுப்பு எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் காட்டினால் எல்லோருக்கும் தெரியும் என்று தைனானுக்குப் போனேன். இரண்டு சென்டிமீட்டரில் ஒரு கட்டி, ஈரலின் வலது பக்கம். ஆரம்பம்தான், வெட்டி எடுக்கலாம் என்றார்கள். அக்டோபர் 19 எடுத்தார்கள். பிறகு பித்தநீர் கசிந்து காய்ச்சல் வந்தது. நவம்பர் 18 வரை அங்கேயே இருந்தேன். உங்கள் கடிதங்கள் இங்கே பெட்டியில் கிடந்தன.

ஆனால் அது காரணம் ஆகாது. செப்டம்பர் 29க்கும் அக்டோபர் 19க்கும் நடுவில் இருபது நாள் இருந்தது. தினமும் தாளை எடுத்தேன். அண்ணாவுக்கு, நான் நலம் என்று எழுதினேன். அதற்கு மேல் போக முடியவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதினால் நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். எழுதினால் பொய். உங்களுக்கு நல்லதாகவும் எனக்குக் கெட்டதாகவும் இருப்பதை ஒரே தாளில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. எப்படியும் இருபதாம் தேதி போகும்போது டாக்டர் உங்களிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். கடிதம் வராவிட்டால் புரிந்துகொள்வேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். வழக்கமான உங்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டதால் என் கட்டி சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டது. நான் எழுதாததால் உங்களுக்கு மூன்று மருந்து தவறியது. எனக்கு அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்று டாக்டர்கூடச் சொன்னார். வரவில்லை.

வாருங்கள்.

பீயுன்

—

வாங்கான்
11 டிசம்பர் 2022

பீயுனுக்கு,

உன் தையல் ஆறிவிட்டதா? காய்ச்சல் இல்லையே? இருமும்போது வயிற்றைத் தலையணையால் அழுத்திக்கொள்.

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. லீஹுவா படித்துவிட்டுக் கோழி சூப் வைத்தாள். வைத்த பிறகுதான் நீ இங்கே இல்லை என்று நினைவு வந்ததாம். அப்படியே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது உன்னால் இல்லை என்று எழுதுவதற்கு மூன்று நாளும் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. பொய்யாக ஏன் எழுத வேண்டும் என்று விட்டுவிட்டேன். உன் மேல் கோபமாக இருக்கிறேனா என்று பார்த்தால் அதுவும் கிடைக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயதுக்காரி தனியாக அறுவை மேடையில் படுத்திருக்கிறாள், நான் இங்கே சட்டம் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை பதினைந்தாம் தேதி வருகிறேன். லீஹுவாவும் வருகிறாள். என் ரத்தத்தை நீ எடு. அந்தக் கண்ணாடிக்காரப் பெண் இரண்டு முறை குத்துகிறாள்.

அண்ணன்

—

காவ்ஷியுங்
2 பிப்ரவரி 2023

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

நான் நலம். இதைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

காலையில் உங்களுக்கு மருந்து ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய டாக்டர் எண்ணுக்காகக் காத்திருந்தார். நீங்கள் விமானத்துக்கு நேரமாகிறது என்று, "எண்ணை எழுத்துல அனுப்பு, நேர்ல சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சொன்னபடியே இன்றைக்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 15, மறுபடி தொடங்கிய அன்று, 5,300. சந்திரப் புத்தாண்டு விடுமுறையால் ஒரு வாரம் தள்ளி, ஏழாவது வாரமான இன்று, 7,140.

இறங்கவில்லை. முதல் முறை பிடித்த மருந்து இந்த முறை பிடிக்கவில்லை.

நான் டாக்டர் ஷென்னின் அறைக்குப் போய் நின்றேன். நடுவில் விடாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொல்ல முடியாதும்மா. விடாம எடுத்தவங்களுக்கும் ஆறு மாசத்துல ஏறியிருக்கு. விட்டு எடுத்தவங்களுக்குத் திரும்பவும் இறங்கியிருக்கு. உங்க அண்ணனுக்கு எப்படி ஆயிருக்கும்னு எந்த மெஷினும் சொல்லாது" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்து மதியத்து மாதிரிகளை அடுக்கினேன். எண்பத்தாறு குழாய்கள்.

இனி மாத்திரை ஒன்று இருக்கிறது. தினமும் விழுங்குவது. கை கால் தோல் உரியும், வயிற்றுப்போக்கு வரும். சிலருக்குச் சில மாதம் தாங்கும். உங்கள் விருப்பம்.

என்னுடையதும் இன்று பார்த்தேன். நீங்கள் கேட்பீர்கள் என்று. 3.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பீயுன்

—

வாங்கான்
9 பிப்ரவரி 2023

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். லீஹுவாவின் முழங்கால் காற்று அடங்கினால் சரியாகும் என்கிறாள். காற்றைச் சொல்லியே முப்பது வருடம் ஓட்டிவிட்டாள்.

மாத்திரையை எடுத்துக்கொள்கிறேன். நல்ல நம்பிக்கையில் என்று நினைத்துக்கொள்ளாதே. மகள் ஏப்ரலில் வருகிறேன் என்றாள். அதுவரை உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு இருக்க வேண்டும். தோல் உரிந்தால் உரியட்டும், நமைச்சலுக்கு வாசல் நிலை இருக்கிறது.

டாக்டர் சொன்னதைப் பற்றி யோசித்தேன். அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமேல் நாம் இரண்டு பேரும் அதைக் கேட்க வேண்டாம். கேட்க வாய் வந்தால் வேறு ஏதாவது பேசு.

உன் கடிதம் திங்கட்கிழமைப் படகில் வந்தது. நான் துறையில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தேன். லீஹுவா தபால் பையிலிருந்து உறையை வாங்கி அங்கேயே பிரித்துவிட்டாள். முதல் பக்கத்தை அவளுக்குள்ளேயே படித்தாள். பிறகு தாளை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். ஏழாயிரத்து நூற்று நாற்பதை நானே படித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. மீன் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

அதற்குள் அவள் பக்கத்தைத் திருப்பியிருக்கிறாள். திடீரென்று என் காதில் வாயை வைத்து, "பீயுனுக்கு மூணு! கேக்குதா? மூணுதான்! மூணு!" என்று கத்தினாள். துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கூடை இறக்கியவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஆக்குன் டிக்கெட் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "என்னண்ணே, லாட்டரியா?" என்றான்.

"ஆமாடா," என்றேன், "எங்க வீட்டுக்கு விழுந்திருக்கு."

அவனும் ஜன்னலை விட்டு இறங்கி வந்து கை கொடுத்தான். லீஹுவா அழுதுகொண்டே அவன் கையைக் குலுக்கினாள். நானும் குலுக்கினேன்.

குளிரில் நனையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
வான்ஷுன்